பீச்சுக்கு மூட்டை கட்டுவது எப்படி? – தியாகதுருகம் ஸ்பெஷல்

நம்ம கிளாஸ் டூர் ஒரு வழியா முடிவாயிடுச்சு மக்களே! பிப்ரவரி மாசம், ரெண்டு நாள். முதல் நாள் கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச். ராத்திரி புதுச்சேரியில தங்கல். மறுநாள் அங்கேயும் ஒரு பீச்சைப் பார்த்துட்டு ராத்திரிக்குள்ள வீடு. தியாகதுருகத்துல ஏத்தின இடத்துலயே இறக்கி விடறதா வண்டிக்காரர் வாக்கு கொடுத்திருக்கார்.

தேதி முடிவானதும் குரூப்ல வந்த முதல் கேள்வி: "என்னென்ன எடுத்துட்டு வரணும்?" அடுத்த நிமிஷமே ஒரு புண்ணியவான் எங்கேர்ந்தோ ஒரு லிஸ்ட்டைப் பிடிச்சு ஃபார்வர்ட் பண்ணிட்டான். வெப்பமண்டலக் கடற்கரைக்கு விடுமுறை போறவங்க எடுத்துட்டுப் போக வேண்டியது, மொத்தம் 64 அயிட்டம். படிச்சவன் எவனும் இல்ல, ஆனா எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிட்டாங்க :-)

மூணாவது நாள் நம்ம கிளாஸ் பொண்ணு ஒருத்தி என்கிட்ட தனியா வந்து, "நான் டூருக்கு வரலப்பா"ன்னா. டூர் காசு கட்டினவ அவ. ஏன்டீன்னு கேட்டா, "அந்த லிஸ்ட்ல இருக்கறதுல பாதி வாங்கினாலே டூர் காசைத் தாண்டிடுது. வீட்ல எப்படிக் கேக்கறது?"

அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து அந்த 64-ஐயும் வரி வரியாப் படிச்சேன். கிளாஸ் ரெப்புன்னா சும்மாவா? படிச்சு முடிச்சதும் ரெண்டு விஷயம் புரிஞ்சது. ஒண்ணு, அதுல இருக்கற முக்கால்வாசி நமக்கு வேண்டாம். ரெண்டு, நமக்குக் கட்டாயம் வேண்டியது அதுல இல்லவே இல்ல. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமா எழுதறேன். பொறுமையாப் படிங்க, பரீட்சைக்கு வராது.

அந்த லிஸ்ட் யாருக்கு எழுதினது?

கடக ரேகை வடக்கே 23.5 டிகிரி, மகர ரேகை தெற்கே 23.5 டிகிரி. ரெண்டுக்கும் நடுவுல இருக்கறதெல்லாம் வெப்பமண்டலம். எட்டாம் வகுப்புலயே படிச்சோம். தியாகதுருகம் 11 டிகிரி சொச்சத்துல இருக்கு. அதாவது நாம வெப்பமண்டலத்துக்கு "போகப் போறவங்க" இல்ல, பொறந்ததுலேர்ந்து அதுக்குள்ளதான் வெந்துக்கிட்டு இருக்கோம்.

லிஸ்ட்டை எழுதினவர் ஏதோ குளிர் தேசத்துக்காரர். அதனால மலேரியா மாத்திரைக்கு டாக்டரைப் பாருங்கறார். உள்ளூர் பிளக்ல பொருந்தற அடாப்டர் வாங்குங்கறார். உள்ளூர் மொழியில "நன்றி", "எவ்வளவு" மாதிரி நாலு வார்த்தை கத்துக்கோங்கறார். (கத்துக்கிட்டேன் சார், நல்லா வருது.) 100 மில்லிக்கு மேல எண்ணெய், ஷாம்பு எதையும் கைப்பையில வைக்காதீங்கறார். அது 2006-ல லண்டன்ல விமானங்களைத் தகர்க்கத் திரவ வெடிமருந்துல போட்ட சதி பிடிபட்ட பிறகு, வெளிநாட்டு விமானப் பயணத்துக்கு வந்த விதி. உளுந்தூர்பேட்டை டோல்கேட்ல யாரும் உங்க தேங்காய் எண்ணெய் பாட்டிலை அளந்து பார்க்க மாட்டாங்க.

இன்னொண்ணு, "கடலில் சூரியன் மறையும் படம் எடுக்க நல்ல கேமரா". நாம போறது கிழக்குக் கடற்கரை. சூரியன் கடல்ல உதிக்கும், மறையறது நம்ம ஊர்ப் பக்கமாத்தான். சாயங்காலம் கடலைப் பார்த்துக் கேமராவைத் தூக்கிட்டு நிக்காதீங்க. கடல்ல சூரியன் வேணும்னா காலையில ஆறு மணிக்குள்ள எழுந்திரிங்க. யார் யாரெல்லாம் எழுந்திருக்க மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும், பேர் சொல்லல.

நமக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கு. நம்ம ஊர்லேர்ந்து கடலூரோ புதுச்சேரியோ நூறு கிலோமீட்டர் சொச்சம்தான். 1993 வரைக்கும் நாம தென்னாற்காடு மாவட்டம், கலெக்டர் ஆபீசே கடலூர்லதான். ஒரு மனு கொடுக்கணும்னா கடல் காத்து அடிக்கிற ஊருக்குத்தான் நம்ம தாத்தாக்கள் பஸ் ஏறணும். அப்புறம் விழுப்புரம் மாவட்டம் ஆனோம். அதுலயும் மரக்காணம் கடற்கரை உண்டு. 2019 நவம்பர்ல கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானப்பதான் காகிதத்துல நமக்குக் கடல் போச்சு.

தண்ணிக்கு அந்தக் காகிதமெல்லாம் தெரியாது. கல்வராயன் மலையில பெய்யற மழை கோமுகி, மணிமுக்தான்னு இறங்கி, வெள்ளாத்துல சேர்ந்து, பரங்கிப்பேட்டையில கடலுக்குப் போகுது. நம்ம மலைக்கோட்டைக்கும் கடலோரத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. 1760-ல புதுச்சேரியில இருந்த பிரெஞ்சுக்காரங்க, ஆங்கிலேயருக்கு எதிரா உதவி கேட்டு மைசூர் ஹைதர் அலியோட ஒப்பந்தம் போட்டப்போ, பதிலுக்குக் கொடுத்ததுல நம்ம தியாகதுருகம் கோட்டையும் ஒண்ணு.

ஆனா சம்பந்தம் வேற, பழக்கம் வேற. நம்ம கிளாஸ்ல கடலை ஒரு தடவை கூடப் பார்க்காதவங்க இருக்காங்க. அதை மனசுல வெச்சுக்கிட்டு லிஸ்ட்டுக்கு வருவோம்.

துணி

லிஸ்ட்ல "நீச்சல் உடை, குறைஞ்சது ரெண்டு". அதைப் படிச்சதும் பொண்ணுங்க குரூப்ல விழுந்து விழுந்து சிரிச்சோம். நம்ம பக்கத்துல பொம்பளைங்க கடல்ல இறங்கறதே புடவையோட, இல்லாட்டி சுடிதாரோட. அதுல தப்பு ஒண்ணும் இல்ல, ஆனா சில விஷயம் தெரிஞ்சுக்கிட்டு இறங்கணும்.

முதல்ல ஷால். ஷாலைக் கரையிலேயே கழட்டி வெச்சிடுங்க. அலை வரும்போது அது காலைச் சுத்தும், இல்ல கழுத்தைச் சுத்தும். மேல துணி வேணும்னா பழைய முழுக்கை டீ சர்ட், கீழ லெக்கின்ஸ் இல்லன்னா டிராக் பேன்ட். உடம்போட ஒட்டி இருக்கறதுதான் அலையில நல்லது. அகலப் பாவாடை, பலாசோ எல்லாம் தண்ணி புகுந்து பலூன் மாதிரி ஆயிடும்.

பசங்களுக்கு: ஜீன்ஸ் போட்டுக்கிட்டுக் கடல்ல இறங்காதீங்க. நனைஞ்ச ஜீன்ஸ் காலை வீச விடாது, எழுந்து நின்னா கிலோ கணக்குல கனக்கும். வீட்ல இருக்கற கபடி ஷார்ட்ஸ் போதும்.

நம்ம மொட்டை மாடியில போட்டா ஒரு மணி நேரத்துல காயற துணி, கடற்கரையில ராத்திரி பூரா போட்டாலும் பிசுபிசுன்னுதான் இருக்கும். காத்துல ஈரம் ஒரு காரணம். உப்பு இன்னொரு காரணம். ஒரு லிட்டர் கடல் தண்ணியில 30 முதல் 35 கிராம் உப்பு இருக்கு. துணியில தங்கற அந்த உப்பு காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துக்கும். நல்ல தண்ணியில ஒரு தடவை அலசிப் பிழிஞ்சாத்தான் காயும். அலச வழியில்லன்னா அந்தத் துணி அன்னைக்குத் திரும்பப் போடறதுக்கு இல்லன்னு கணக்கு வெச்சுக்கோங்க. ஆக மொத்தம் ஆளுக்கு மூணு செட்: போக, நனைய, வர.

துண்டும் பையும்

"பெரிய பீச் டவல், விரைவில் உலரும் மைக்ரோஃபைபர் டவல்" ரெண்டும் லிஸ்ட்ல இருக்கு. அந்த மைக்ரோஃபைபரோட வேலையை நம்ம ஈரிழைத் துண்டு காலங்காலமா செய்யுது. மெல்லிசு, லேசு, உதறினா மண் போகும், பிழிஞ்சா காயும், தலைக்கும் கட்டலாம். அந்த மொத்தமான டர்க்கி டவல் மண்ணையும் ஈரத்தையும் பிடிச்சுக்கிட்டு ரெண்டு நாளும் பை பூரா நாறடிக்கும்.

"தண்ணீர் புகாத பீச் பை" வேணுமாம். உரச் சாக்குல தைச்ச கட்டைப் பை ஒண்ணு நம்ம எல்லார் வீட்லயும் இருக்கு இல்ல? ஈரத்துணிக்கு அதை விட நல்ல பை இன்னும் கண்டுபிடிக்கல. நல்லாக் கழுவின சாக்கா இருக்கட்டும், அவ்வளவுதான். சாப்பாட்டுக்கும் காஞ்ச துணிக்கும் மஞ்சப்பை. ஒரு தடவை போட்டுத் தூக்கி எறியற பிளாஸ்டிக் கவர் தமிழ்நாட்டுல 2019 ஜனவரியிலேர்ந்து தடை. கடற்கரையில விட்டுட்டு வந்தா அது நேரா மீன் வயித்துக்குத்தான் போகும். போட்ட குப்பையைப் பொறுக்கி எடுத்துட்டு வரவும் ஒரு பை வேணும். அதுவும் சாக்குதான்.

வெயில்

லிஸ்ட்ல சன்ஸ்கிரீனுக்கு அடுத்த வரியிலேயே "டானிங் ஆயில்" இருக்கு. வெயில்ல படுத்துக் கருக்கறதுக்கான எண்ணெய்! அவங்க காசு கொடுத்துக் கருக்கறாங்க. இங்க எங்கம்மா, டூருன்னு சொன்னதும் கேட்ட முதல் கேள்வியே "கருத்துட மாட்டியா?" உலகம் ரொம்ப வேடிக்கையானதுங்க.

நிறத்தை விடுங்க, தோல் பொசுங்கறதுதான் பிரச்சினை. மணல் தன் மேல விழற புற ஊதாக் கதிர்ல சுமார் 15 சதவீதத்தைத் திருப்பி அடிக்கும், கடல் நுரை 25 சதவீதம் வரைக்கும். அதனால மேலேர்ந்து மட்டும் இல்ல, கீழேர்ந்தும் சுடும். சன்ஸ்கிரீன் கணக்கு இதுதான்: எஸ்.பி.எஃப். 30 சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், எஸ்.பி.எஃப். 50 சுமார் 98. அந்த ஒரு சதவீதத்துக்கு ஏன் கூடுதல் காசு? இன்னொரு சங்கதி, அந்த எண் சரியா வேலை செய்யணும்னா உடம்பு பூரா பூச ஒரு தடவைக்குச் சுமார் 30 கிராம் வேணும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்பப் பூசணும், தண்ணியில இறங்கி ஏறினா உடனே. 50 கிராம் டியூப் ஒருத்தருக்கு ஒரு நாளே வராது.

அதனால என் யோசனை: முகம், காது, பின்கழுத்து, புறங்கை, கால் மேல்பக்கம் இதுக்கு மட்டும் எஸ்.பி.எஃப். 30 போதும். நாலு பேர் சேர்ந்து ஒரு டியூப். மத்த இடத்துக்கெல்லாம் முழுக்கைச் சட்டை, குடை, தலைத்துண்டு. துணிக்கு ரெண்டு மணி நேரக் கணக்கெல்லாம் கிடையாது. எல்லாத்துக்கும் மேல, பதினொண்ணுலேர்ந்து மூணு வரைக்கும் மணல்ல நிக்காம சாப்பிடப் போயிடுங்க.

செருப்பு? வீட்ல போடற ரப்பர் செருப்பு. தோல் செருப்பு உப்புத்தண்ணி பட்டா அதோட சரி.

சாப்பாடும் மருந்தும்

முதல் நாள் மதியச் சாப்பாடு வீட்லேர்ந்து. இதுக்குப் புளிசோறை அடிக்க ஆள் இல்ல. புளியோட புளிப்பு, நல்லெண்ணெய், சுண்டக் காய்ச்சின புளிக்காய்ச்சல்ல தண்ணி கம்மி. இது மூணும் சேர்ந்து சோறு சீக்கிரம் கெடாம பார்த்துக்கும். தேங்காய் சாதம், கூட்டு, பொரியல் மதியத்துக்குள்ள ஊசிடும். அதெல்லாம் வேண்டாம். சோறு ஆறினதும் கிளறிக் கட்டுங்க, சுடச்சுட மூடி வெச்சா வேர்த்துக் கெட்டுடும்.

தண்ணி ஆளுக்கு ரெண்டு லிட்டர். சுத்தி அவ்வளவு தண்ணி இருக்கேன்னு தாகமே தெரியாது, ஆனா வேர்த்துக் கொட்டிக்கிட்டே இருக்கும். உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட் மருந்துக்கடையில கிடைக்கும். அது இல்லன்னா ஒரு லிட்டர் நல்ல தண்ணிக்கு ஆறு மட்ட டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

சொறி மீன்னு சொல்ற ஜெல்லி மீன் பட்டா, கடல் தண்ணியிலேயே கழுவுங்க. நல்ல தண்ணி ஊத்தித் தேய்க்காதீங்க, மண் போட்டுத் தேய்க்கவே தேய்க்காதீங்க, எரிச்சல் கூடும். அப்புறம் தாங்கற அளவு சுடுதண்ணியில வெச்சா வலி குறையும். மூச்சு வாங்கினாலோ மயக்கம் வந்தாலோ நேரா ஆஸ்பத்திரி.

பொண்ணுங்களுக்கு ஒரு விஷயம். 64 அயிட்டத்துல இது ஒரு வரி கூட இல்ல. தேதி இடிக்குதுன்னு டூரையே விடறவங்க இருக்காங்க. திருவிழா, கல்யாணத்துக்குத் தள்ளிப்போட மாத்திரை வாங்கிப் போடற மாதிரி இதுக்கும் போடலாமான்னு ரெண்டு பேர் கேட்டாங்க. அது ஹார்மோன் மாத்திரை. ரத்தம் உறையற பிரச்சினை, கடுமையான ஒற்றைத் தலைவலி, கல்லீரல் கோளாறு இருக்கறவங்களுக்கு ஆபத்து. டாக்டரைக் கேக்காம மருந்துக்கடையில கேட்டு வாங்காதீங்க. கடல்ல இறங்காட்டி என்ன? கரையில உட்கார்ந்து பார்க்கறதுக்கும் அது கடல்தான். கூடுதலா நாப்கின் நான் எடுத்துட்டு வரேன், யாரும் கேக்கக் கூச்சப்பட வேண்டாம்.

ஆயா லிஸ்ட்

இவ்வளவும் எழுதி வெச்சுட்டு எங்க ஆயாகிட்ட படிச்சுக் காட்டினேன். ஆயா நெட்டைப் பார்த்ததில்ல, ஆனா கடலைப் பார்த்திருக்கு. மாசி மகத்துக்கு, சாமி கடலுக்குத் தீர்த்தவாரி வர்ற நாள்ல, சொந்தக்காரங்களோட தேவனாம்பட்டினத்துக்குப் பல வருஷம் போயிருக்கு. அந்த ஒரு நாள்தான் நம்ம பக்கத்து ஜனங்களுக்குப் பீச் ஹாலிடே. ஒரு மஞ்சப்பை, மாத்துப் புடவை, புளிசோறு, ஒரு சொம்பு, ஒரு கயித்துக் கட்டு. ஆயாவோட லிஸ்ட் அவ்வளவுதான்.

பொருளை விட ஆயா சொன்ன விதிங்கதான் எனக்குப் பிடிச்சது. "கழுத்துல காதுல இருக்கறதக் கழட்டி ஊட்லயே வெச்சிட்டுப் போ. முட்டிக்கு மேல தண்ணி போவக் கூடாது. ஒருத்தி கைய ஒருத்தி புடிச்சுக்கணும். கடலுக்கு முதுகு காட்டாத, அதும் மூஞ்சியப் பாத்துக்கினே நில்லு. மீன்காரங்க வேணாம்னு சொன்னா எறங்காத."

இந்த அஞ்சும் எந்த நாட்டுக் கடல் பாதுகாப்புப் புத்தகத்துலயும் இருக்கும். அலைக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுக்கற இந்தக் காலத்துக்கு நாலாவது விதி ரொம்பவே பொருந்தும்.

"கயித்துக் கட்டு எதுக்கு ஆயா?"ன்னேன். "யாரையாச்சும் இழுத்துக்கினு போச்சுன்னா வீசறதுக்கு"ன்னுது. சாதாரணமா, வெங்காயம் உரிச்சுக்கிட்டே.

கிணத்து நீச்சல்காரங்களுக்கு

இப்ப நான் சொல்ல வந்த விஷயம். பசங்களா, இதை மட்டுமாவது ஒழுங்காப் படிங்க.

நம்ம கிளாஸ்ல நீச்சல் தெரிஞ்ச பசங்க நிறைய பேர். எல்லாரும் கிணத்துல கத்துக்கிட்டவங்க. இடுப்புல கயிறு கட்டி மேலேர்ந்து தள்ளிவிட்டு, பம்பு செட் ரூம் மேலேர்ந்து டைவ் அடிச்சு... தெரியும். பொண்ணுங்கள்ல முக்கால்வாசிக்கு நீச்சலே தெரியாது, கத்துக் கொடுக்க யாரும் கூப்பிட்டதும் இல்ல. நீச்சல் தெரியாத நாங்க பயந்து முட்டித் தண்ணியில நிப்போம். எனக்குக் கவலை நீச்சல் தெரிஞ்ச உங்களைப் பத்தித்தான்.

கிணத்துத் தண்ணி நிக்கிற தண்ணி. எந்தப் பக்கம் நீந்தினாலும் பத்து கை வீச்சுல சுவர், படி, பிடிக்க ஒரு கல்லு. கடல் தண்ணி நடக்கிற தண்ணி. அலையா கரைக்கு வந்த தண்ணி எல்லாம் எப்படியாவது திரும்பிப் போயாகணும் இல்லையா? அது சில இடத்துல ஒண்ணாச் சேர்ந்து, ஒரு வாய்க்கால் மாதிரி, வேகமா உள்ளே ஓடும். ரிப் கரண்ட்னு சொல்றது இதைத்தான். கொடுமை என்னன்னா, அந்த இடத்துல அலை கம்மியா உடையும், தண்ணி கொஞ்சம் கருப்பா, அமைதியாத் தெரியும். புதுசாப் போறவன் "இங்கதான் அலை இல்ல, இங்கயே குளிக்கலாம்"னு சரியா அங்கேயே இறங்குவான்.

இழுத்துச்சுன்னா கிணத்து நீச்சல்காரன் என்ன செய்வான்? கரையைப் பார்த்து முழு பலத்தோட நீந்துவான். பலமான ரிப், ஒலிம்பிக் நீச்சல்காரரை விட வேகமாப் போகும். எதிர்த்து நீந்தினவன் அதே இடத்துல நின்னு களைச்சு மூழ்குவான். பெரும்பாலும் சாவு இழுவையால இல்ல, களைப்பாலயும் பயத்தாலயும்தான். செய்ய வேண்டியது வேற. பதறாம மல்லாந்து மிதங்க. உப்புத் தண்ணி கிணத்துத் தண்ணியை விடக் கொஞ்சம் அடர்த்தி, மிதக்கறது சுலபம். கையைத் தூக்கிக் காட்டிக் கத்துங்க. நீந்த முடிஞ்சா கரையை நோக்கி இல்லாம, கரைக்கு இணையாப் பக்கவாட்டுல நீந்துங்க. அந்த வாய்க்கால் அகலம் கம்மிதான். அதைத் தாண்டிட்டா அலையே கரைக்குத் தள்ளிவிடும்.

இன்னொண்ணு, கள்ளக்கடல். நம்ம மாவட்டத்துப் பேர் மாதிரியே இருக்கேன்னு சிரிக்காதீங்க. கேரளா மீனவங்க வெச்ச பேர். எங்கேயோ தெற்கே, இந்தியப் பெருங்கடலோட கோடியில அடிக்கிற புயல் கிளப்பற அலை நாள் கணக்காப் பயணம் பண்ணி இங்க வந்து சேரும். இங்க காத்தே இருக்காது, வானம் வெளுத்து இருக்கும், ஆனா அலை திடீர்னு ஏறி வரும். திருடன் மாதிரி வர்றதால அந்தப் பேர். பெரும்பாலும் கேரளா, குமரிப் பக்கம்தான் இது அதிகம். ஹைதராபாத்ல இருக்கற இன்காய்ஸ்ங்கற மத்திய அரசு நிறுவனம் முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்கும்.

2024 மே 6-ஆம் தேதி அப்படி எச்சரிக்கை இருந்த நாள். கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் லெமூர் பீச்ல அஞ்சு மருத்துவ மாணவர்கள் அலையில போயிட்டாங்க. ஒரு கல்யாணத்துக்கு வந்தவங்க. படிப்பு முடியப் போற, நாளைக்கு நம்ம உயிரைக் காப்பாத்தப் போற பசங்க, பொண்ணுங்க. படிச்சவங்களுக்கே இப்படியான்னு கேக்காதீங்க. படிப்புக்கும் கடலுக்கும் சம்பந்தம் இல்ல. அவங்களும் நம்மளை மாதிரி ஒரு நாள் சந்தோஷமா இருக்கலாம்னு போனவங்கதான்.

டூர்ல போய் மூணு பேர், நாலு பேர்னு ஒண்ணாச் சாகறது நம்ம பேப்பர்ல அடிக்கடி வர்ற செய்தி. பல சமயம், ஒருத்தனை அலை இழுத்துட்டுப் போகும், காப்பாத்தறேன்னு அடுத்தவன் குதிப்பான், அவனைக் காப்பாத்த அடுத்தவன். நண்பனுக்காகக் குதிக்கறவனை யார் தடுக்க முடியும்? அதனால குதிக்காமலே காப்பாத்த ஒரு வழி கையில இருக்கணும். ஆயாவோட கயித்துக் கட்டு அதுக்குத்தான். தாம்புக் கயிறு ஒண்ணு, அதோட நுனியில காலி அஞ்சு லிட்டர் தண்ணி கேன் ஒண்ணு. கேன்ல கொஞ்சம் தண்ணி விட்டு மூடியை இறுக்கினா நல்லா வீச வரும். அதைக் கட்டிப் பிடிச்சா தலை தண்ணிக்கு மேல நிக்கும். கரையில இருக்கறவங்க இழுக்கலாம். இதுக்கு ஆகற செலவு: பூஜ்யம்.

அப்புறம் புதுச்சேரின்னதும் சில பேர் கண்ணு ஏன் மின்னுதுன்னு எனக்குத் தெரியாம இல்ல. குடிச்சுட்டுத் தண்ணியில இறங்கறவனுக்குக் கயிறும் உதவாது. 2024 ஜூன்ல கள்ளச்சாராயத்துக்கு 60 உயிருக்கு மேல கொடுத்த மாவட்டம் நம்மளது. அதுக்கு மேல நான் என்ன சொல்ல?

நம்ம லிஸ்ட்

ஆளுக்கு: மூணு செட் பழைய துணி, ஈரிழைத் துண்டு ஒண்ணு, ரப்பர் செருப்பு, குடை, ரெண்டு லிட்டர் தண்ணி, புளிசோறு, சீப்பு சோப்பு, எப்பவும் போடற மாத்திரை, மஞ்சப்பை ஒண்ணு, உரச்சாக்குப் பை ஒண்ணு, காலேஜ் ஐ.டி., கைச்செலவுக்குக் கொஞ்சம் காசு. நகை வேண்டாம்.

கிளாசுக்குப் பொதுவா: நாலு பேருக்கு ஒரு சன்ஸ்கிரீன், உப்பு சர்க்கரைப் பாக்கெட், முதலுதவி டப்பா, நாப்கின், குப்பைக்குச் சாக்கு, கயிறு கட்டின கேன் ரெண்டு. கயிறு எங்க வீட்டுது ஒண்ணு வருது. இன்னொண்ணு யாராவது கொண்டு வாங்க. ஏணி கட்டற கயிறா இருந்தாலும் சரி, இருபது மீட்டர் நீளம் இருக்கணும்.

தலையில ஏத்திக்க வேண்டியது: முட்டி அளவு தண்ணி. ஜோடி ஜோடியாக் கை பிடிக்கிறது. இறங்கறதுக்கு முன்னாடி அங்க இருக்கற மீனவங்ககிட்ட "இன்னைக்கு இங்க இறங்கலாமாண்ணே"ன்னு ஒரு வார்த்தை. கடல் திடீர்னு உள்வாங்கினா வேடிக்கை பார்க்காம மேடு பார்த்து ஓட்டம். 2004 டிசம்பர் 26 சுனாமியில பலத்த அடி வாங்கின ஊர்தான் நாம போற தேவனாம்பட்டினம். ஆபத்துன்னா 112, ஆம்புலன்சுக்கு 108. அப்புறம், தண்ணியில பாதிப் பேர் இருக்கும்போது கரையில நாலு பேர் கேனோட நின்னுக்கிட்டே இருக்கணும், அரை மணிக்கு ஒரு தடவை ஆள் மாத்திக்கலாம். முதல் அரை மணிக்கு என் பேரை எழுதிட்டேன். மீதி மூணு பேர் யாரு?

"வரலப்பா"ன்னு சொன்னவளுக்கு இந்த லிஸ்ட்டைத்தான் முதல்ல காட்டினேன். விரலை மடக்கி எண்ணிப் பார்த்தா. "இதுல நான் வாங்க வேண்டியது எதுவுமே இல்லையேடி"ன்னா. அதேதான்.

உங்க வீட்டு ஆயாங்க, தாத்தாங்க யாராவது கடல் பக்கம் போனவங்களா இருந்தா கேட்டுப் பாருங்க. நான் விட்டது ஏதாவது இருந்தா சொல்லுங்க, லிஸ்ட்ல சேர்த்துடறேன். வெள்ளிக்கிழமைக்குள்ள கரையில நிக்கற மூணு பேரோட பேர் எனக்கு வந்தாகணும். வரட்டா?